பேறு நாள் கணிப்பு: 280 நாளின் வரலாறு

கருவுற்ற பெண்ணுக்குக் குழந்தை எப்போது பிறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லப்படும் நாள் பேறு நாள் எனப்படும். மருத்துவமனைச் சீட்டில் இது இ.டி.டி. என்று குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் இதை "டாக்டர் கொடுத்த தேதி" என்பார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்பதே இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கு. அந்தத் தேதி நெருங்கும்போது உறவினர்கள் வந்து சேருவார்கள், பெட்டி கட்டி வைக்கப்படும். ஆனால் சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான்.

280 என்ற எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டறியப்பட்டதன்று. பெண்ணின் உடலில் கருமுட்டை என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத காலத்திலிருந்து அது வழங்கி வருகிறது. மருத்துவர்கள் அதன் காரணத்தைப் புரிந்துகொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நீதிமன்றங்கள் அதைப்போன்ற எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டன. ஒரு குழந்தைக்குத் தகப்பன் பெயர் கிடைப்பதும், சொத்துரிமை கிடைப்பதும், ஒரு பெண்ணின் மானம் நிலைப்பதும் சில நாள் வித்தியாசத்தில் தீர்மானிக்கப்பட்டன. இன்று அதே கணக்கில்தான் ஒரு பிள்ளை குறைமாதமா நிறைமாதமா என்பதும், வலி வரும்வரை காத்திருக்கலாமா ஊசி போட்டு வரவழைக்க வேண்டுமா என்பதும் முடிவாகின்றன.

ஒன்பது மாதமா, பத்து மாதமா?

"பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்று சொல்வது தமிழர் வழக்கு. பள்ளிப் பாடப்புத்தகமோ ஒன்பது மாதம் என்கிறது. இதைக் கண்டு குழம்பும் மாணவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் ஒரே கணக்குதான். 280 நாளை 30 அல்லது 31 நாள் மாதங்களாகப் பிரித்தால் ஒன்பது மாதம் முடிந்து ஏறத்தாழ ஒரு வாரம் மிஞ்சும். அதாவது ஒன்பது முடிந்து பத்தாம் மாதம் நடக்கிறது. நம் வழக்கம் முடிந்த மாதங்களை எண்ணுவதன்று, நடக்கும் மாதத்தை எண்ணுவது. "அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது" என்றால் ஆறு முடிந்துவிட்டது என்று பொருள். வயதையும் இப்படித்தான் எண்ணுவோம். "பத்தாவது வயசு நடக்குது" என்று சொல்லும் பிள்ளைக்கு ஒன்பதுதான் நிறைந்திருக்கும். இதல்லாமல், 28 நாள் கொண்ட மாதவிடாய்ச் சுழற்சிகளாக எண்ணினாலும் 280 நாள் என்பது சரியாகப் பத்துச் சுழற்சி. பழைய ரோமானியரும் பத்து மாதம் என்றே சொன்னார்கள்.

வடமொழி மருத்துவ நூல்கள் ஒரே நாளைக் குறிக்காமல் ஒரு காலப் பரப்பைத் தந்தன. சரகர் ஒன்பதாம் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரையும், சுசுருதர் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரையும் பிள்ளை பிறக்கும் காலம் என்றனர். இன்றைய கண்ணுக்குப் பன்னிரண்டு மாதம் அதிகம்தான். ஆனாலும் குறித்த ஒரு நாளைச் சொல்லி மாட்டிக்கொள்ளாத இந்த எச்சரிக்கையில் பட்டறிவு இருக்கிறது.

கிரேக்கத்தில் இப்போக்கிரட்டீசு பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் எண்களின் மேல் ஒரு தனி ஈடுபாடு உண்டு. கருக்காலத்தை நாற்பது நாற்பது நாளாகப் பகுத்து, ஏழு நாற்பது 280 என்று அவை கணக்கிட்டன. இன்று நாம் நாற்பது வாரம் ஒன்றுக்கு ஏழு நாள் என்று பெருக்குகிறோம். அவர்கள் ஏழு பகுதி ஒன்றுக்கு நாற்பது நாள் என்று பெருக்கினார்கள். விடை ஒன்றே. இந்த நூல்களிலேயே ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்ற கருத்தும் இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கும் அதே வார்த்தைதான். கருவில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கு வலு சேர்ப்பதால் எட்டாம் மாதப் பிள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இன்றைய மருத்துவம் ஐயமின்றிக் காட்டியிருக்கிறது. ஆனாலும் அந்த நம்பிக்கை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்தது. அரிசுட்டாட்டில் மட்டும் வேறொன்றைக் கவனித்தார். மற்ற விலங்குகளுக்கெல்லாம் கருக்காலம் ஏறத்தாழ ஒரே அளவாயிருக்க, மனிதருக்கு மட்டும் அது பலவாறாக மாறுகிறது என்று அவர் எழுதினார்.

சட்டம் கேட்ட எண்

மருத்துவன் "ஒன்பது முதல் பத்து மாதம்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நீதிபதியால் அது முடியாது. கணவன் இறந்து சில மாதம் கழித்துப் பிறக்கும் குழந்தை அவனுடையதா என்று கேள்வி வந்தால், ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதற்கு ஓர் எல்லைக்கோடு தேவைப்பட்டது.

ரோமானியரின் பழைய பன்னிரு பலகைச் சட்டம் அந்தக் கோட்டைப் பத்து மாதத்தில் போட்டது. பிற்காலத்தில் பேரரசர் ஏட்ரியன், பதினோராம் மாதத்தில் பிறந்த ஒரு குழந்தையையும் முறையான பிள்ளை என்று தீர்ப்பளித்தார் என்கிறார் ஆலசு கெல்லியசு என்ற எழுத்தாளர். அந்தத் தாய் நன்னடத்தை உள்ளவள் என்பதும் அவ்வழக்கில் கருதப்பட்டது. இசுலாமியச் சட்டத்தின் அனஃபி மரபு இரண்டு ஆண்டு வரை இடம் கொடுத்தது. பிரான்சில் 1804இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு 300 நாள் என்றது. இந்த எல்லைகள் எல்லாமே தாராளமானவை. சட்டம் இங்கே உடலியலைச் சொல்ல வரவில்லை. பிழையறியாத ஒரு குழந்தை தகப்பன் பெயரை இழக்காதிருக்க வேலி போட்டது.

இந்தியாவில் அந்த எல்லை 280 நாள். சேம்சு ஃபிட்சுசேம்சு சுடீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மணம் முறிந்து அல்லது கணவன் இறந்து, தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள் பிறக்கும் குழந்தையை அந்த மணத்தின் முறையான பிள்ளை என்றே கொள்ள வேண்டும் என்றது. கணவன் மனைவி கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தால் மட்டுமே இதை மறுக்கலாம். 280 நாளைத் தாண்டிப் பிறந்தால் அந்தப் பிள்ளை முறையற்றது என்று சட்டம் சொல்லவில்லை. கேள்வியின்றிக் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும் நீங்கிவிடும். பிறகு சாட்சியம் கொண்டு நிறுவ வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தில் இது 116ஆம் பிரிவாக, அதே 280 நாளோடு, தொடர்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மருத்துவரின் 280 மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குகிறது. சட்டத்தின் 280 மணம் முடிந்த நாளில், அதாவது கரு உண்டாகியிருக்கக்கூடிய கடைசி நாளில், தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு வார வேறுபாடு இருக்கிறது. எண் ஒன்றாக இருப்பதால் கணக்கும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

கார்டனர் வழக்கு

கருக்காலம் எவ்வளவு நீளும் என்ற கேள்வி ஒரு நாட்டின் உயர்ந்த மன்றத்தில் நேருக்கு நேர் வந்து நின்றது 1825–26இல், இங்கிலாந்தில். கடற்படைத் தளபதியாக இருந்து பின்னர் இரண்டாம் கார்டனர் பிரபு ஆனவரின் பட்டம் யாருக்குச் சேரும் என்பதே வழக்கு. அவர் 1802 சனவரி இறுதியில் மனைவியைப் பிரிந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார், சூலையில் திரும்பினார். டிசம்பர் 8ஆம் நாள் மனைவிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணவன் புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 311 நாள். திரும்பிய நாளிலிருந்து எண்ணினால் 150 நாள் அளவுதான். 150 நாளில் பிறந்த பிள்ளை பிழைக்காது. எனவே 311 நாள் கருவில் இருக்க முடியுமா என்பதே கேள்வி.

மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு இருந்தது என்பதற்குச் சான்றுகள் இருந்தன. கணவர் மணமுறிவு பெற்று மறுமணம் செய்து, அதில் ஒரு மகன் பிறந்திருந்தான். பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் அந்த மகனும் 1802இல் பிறந்தவரும்தான்.

பிரபுக்கள் அவை இலண்டனின் பெயர்பெற்ற மகப்பேறு மருத்துவர்களை வரிசையாக அழைத்துக் கேட்டது. அவர்கள் ஒருமித்துப் பேசவில்லை. சிலர் 280 நாளை ஒட்டியே பிறப்பு நிகழும், பெரிதும் விலகாது என்றனர். வேறு சிலர் தங்கள் அனுபவத்தில் கண்ட நீண்ட கருக்காலங்களை எடுத்துச் சொல்லி, 311 நாளும் இயலாததன்று என்றனர். படித்தவர்களே இரண்டு பட்டு நின்றபோது அவை மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து இரண்டாம் மணத்து மகனுக்கே பட்டம் என்று தீர்த்தது. மருத்துவர்கள் அங்கே தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. கரு எந்த நாளில் உண்டாகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. தொடக்கம் தெரியாத ஒன்றின் நீளத்தை எப்படி அளப்பது?

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தக் கேள்வி ஓயவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் 1921இல் 331 நாளும், 1949இல் 349 நாளும் இயலாதவை என்று சொல்லிவிட முடியாது எனக் கணவர்களின் மணமுறிவுக் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. 1951இல் 360 நாள் என்று வந்தபோதுதான் பிரபுக்கள் அவை இதற்கு மேல் நம்ப இயலாது என்று நிறுத்தியது. இன்றைய அறிவுக்கு இந்த எண்கள் வியப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நீதிபதிகளின் முன் இருந்தது ஓர் எண் மட்டுமே. அதை மட்டும் வைத்து ஒரு பெண்ணை நடத்தை கெட்டவள் என்று முத்திரை குத்த அவர்கள் தயங்கினார்கள்.

மருத்துவச்சிகளுக்கு ஒரு விதி

இன்று மருத்துவமனைகளில் பயன்படும் கணக்கு செருமானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்சு கார்ல் நேகலேயின் பெயரால் வழங்குகிறது. 1778இல் டியூசல்டார்ஃப் நகரில் பிறந்த அவர் ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 1851இல் இறந்தார். கோணலாகக் குறுகிய ஒருவகை இடுப்பெலும்பும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1830இல் மருத்துவச்சிகளுக்காக அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. அதில்தான் இந்த விதி பரவியது: கடைசி மாதவிடாய் நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கிப் போய், ஏழு நாளைக் கூட்டு.

எடுத்துக்காட்டாக, கடைசி மாதவிடாய் சனவரி 1 என்றால் மூன்று மாதம் பின்னே அக்டோபர் 1. ஏழு நாள் கூட்டினால் அக்டோபர் 8. சனவரி 1இலிருந்து அக்டோபர் 8 வரை 280 நாள். ஒன்பது மாதம் முன்னே எண்ணுவதைவிட மூன்று மாதம் பின்னே எண்ணுவது எளிது. விரல் விட்டே செய்துவிடலாம். கணக்குப் படிக்காத மருத்துவச்சிகளுக்கு அது பெரிய உதவி. விதி நிலைத்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. மாதங்கள் ஒரே நீளம் உடையவை அல்ல. மே 1 என்று தொடங்கினால் விதிப்படி பேறு நாள் பிப்ரவரி 8. எண்ணிப் பார்த்தால் 283 நாள் வரும். ஏப்ரல் 1 என்றால் 282 நாள். ஆகவே ஒரே விதி மாதத்துக்குத் தக்கபடி 280 முதல் 283 வரை விடை தருகிறது. மாணவர்கள் நாட்காட்டியை வைத்து இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

விதி நேகலே கண்டதும் அன்று. நெதர்லாந்தின் இலெய்டன் நகரில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்களை ஈர்த்த பேராசிரியர் எர்மன் போர்ஆவே (1668–1738) சொன்னதையே அவர் எடுத்தாண்டார். போர்ஆவே இறந்த பிறகு அச்சேறிய விரிவுரைகளில், பெண்கள் பெரும்பாலும் மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் கருவுறுகிறார்கள், எனவே ஒரு வாரம் கூட்டி அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ண வேண்டும் என்ற கருத்து இருக்கிறது.

அவருக்கும் முன்னே, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஆர்வி 1651இல் வெளியிட்ட நூலில் கருக்காலத்துக்கு ஓர் அளவுகோலைத் தேடினார். கிறித்தவ நாட்காட்டியில் கன்னி மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள் மார்ச் 25, இயேசு பிறந்த நாள் டிசம்பர் 25. இடையில் 275 நாள். குறையற்ற மனிதரின் கருக்காலம் அதுவே ஆகையால் அதையே முறையான அளவாகக் கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வில் பேர் பெற்ற ஒருவரே கருவின் தொடக்கத்தை அறிய வழியின்றித் திருவிழா நாட்காட்டியை நாட வேண்டியிருந்தது.

முதல் நாளா, கடைசி நாளா?

நேகலேயின் விதியில் ஒரு தெளிவின்மை இருந்தது. மாதவிடாய் நாள் என்றால் அது தொடங்கிய நாளா, முடிந்த நாளா? போர்ஆவேயின் சொற்களிலும் இது தெளிவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவிதமாகவும் எண்ணினார்கள். முதல் நாள் என்பது பாடநூல்களில் உறுதிப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். இரண்டுக்கும் இடையே நான்கைந்து நாள் வேறுபாடு வரும்.

தமிழ்ப் பெண்களின் பேச்சு வழக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்பது பழைய வழக்கு. மாதவிடாய் முடிந்து தலைமுழுகும் குளியல் இந்த மாதம் நிகழவில்லை என்பது அதன் பொருள். ஆகவே நினைவில் பதிவது தீட்டு வந்த நாளைவிடக் குளித்த நாளே. "கடைசியா எப்பம்மா குளிச்ச?" என்று செவிலியர் கேட்டால் பதிலாக வருவதும் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஆன குளியல் நாள்தான். அதுவும் தேதியாக வராது. "ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னே", "எங்க ஊர்த் தேர் முடிஞ்ச வாரம்" என்று வரும். அனுபவமுள்ள கிராமச் சுகாதாரச் செவிலியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வந்த நாள் எது, குளித்த நாள் எது என்று பிரித்துக் கேட்டுத்தான் அட்டையில் எழுதுவார்.

நாள் நினைவில்லாதபோது பயன்பட்ட மற்ற அடையாளங்களும் உண்டு. கருப்பையின் மேல்விளிம்பு ஐந்து மாத அளவில் தொப்புளை எட்டும். முதல் பிள்ளையின் அசைவைத் தாய் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வாரத்தில் உணர்வாள். இந்த அசைவுக்கு இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் உயிரைக் காக்கும் மதிப்பு இருந்தது. தூக்குத் தண்டனை பெற்ற பெண் தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னால், பெண்கள் கொண்ட ஒரு குழு அவளைச் சோதிக்கும். பிள்ளை அசைகிறது என்று அக்குழு சொன்னால் தண்டனை பேறு வரை தள்ளிப்போகும். சில வேளைகளில் நீங்கியும் போகும். கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனையே விதிக்கலாகாது என்று அங்கே சட்டம் வந்தது 1931இல்.

விடை சரி, வழி தவறு

நேகலே காலத்து மருத்துவர்கள் மாதவிடாயை ஒட்டிய நாட்களே கரு உண்டாகும் நாட்கள் என்று நம்பினார்கள். கார்ல் எர்ன்சுட் ஃபான் பேயர் 1827இல் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்ட பிறகும் இந்த நம்பிக்கை மாறவில்லை. பெண் நாய்க்குச் சினைப்பருவத்தில் இரத்தம் கசிவதைப் பார்த்து, பெண்ணின் மாதவிடாயும் அதைப் போன்றதே என்று பொருத்திவிட்டார்கள். இதனால் விளைந்த கேடு சிறிதன்று. பிள்ளை வேண்டாம் என்றிருந்த தம்பதியருக்கு மாதத்தின் நடுப்பகுதியே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் அறிவுரை கூறினார்கள். அதுவே கரு உண்டாக மிகவும் ஏற்ற காலம்.

உண்மை தெரிந்தது 1920களில். சப்பானின் நீகாட்டா நகரில் பணியாற்றிய கியூசாகு ஓகினோ, அறுவைச் சிகிச்சையின்போது சூலகங்களை நேரில் பார்த்துப் பெண்களின் மாதவிடாய் நாட்களோடு ஒப்பிட்டார். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னரே கருமுட்டை வெளிப்படுகிறது என்று 1924இல் எழுதினார். ஆசுத்திரியாவின் எர்மன் கினாவுசு வேறு வழியில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்து 1928இல் அறிவித்தார்.

இதன்படி பார்த்தால் போர்ஆவே கூட்டிய அந்த ஒரு வாரத்துக்கு அவர் சொன்ன காரணம் பிழை. ஆனாலும் விதி தரும் தேதி பெரிதாகத் தவறவில்லை. ஏனென்றால் தேதி கருத்தாகக் கிடைத்ததன்று. பல தலைமுறை பிறப்புகளைப் பார்த்த பழக்கத்தில் கிடைத்தது. காரணத்தை அதற்குப் பின்னால் ஒட்ட வைத்தார்கள்.

புதிய அறிவு விதியின் குறையையும் காட்டிக்கொடுத்தது. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கே அது பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்குக் கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிப்படும். விதிப்படி அவளுக்கு நாள் கடந்துவிட்டது என்று எழுதும்போது வயிற்றிலுள்ள பிள்ளைக்கு உண்மையில் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

1990இல் பாசுடன் பகுதியில் செய்த ஓர் ஆய்வு, சிக்கலற்ற முதல் பேறு விதியைவிட எட்டு நாளும், அடுத்த பேறுகள் மூன்று நாளும் பிந்தி நிகழ்வதாகக் கூறியது. 2013இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு இதைவிட நுணுக்கமானது. 125 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்துக் கருமுட்டை வெளிப்பட்ட நாளையே கண்டறிந்திருந்தார்கள். அங்கிருந்து பேறு வரை நடு அளவு 268 நாள். குறைமாதப் பிறப்புகளை நீக்கிய பிறகும் மிகக் குறுகிய கருக்காலத்துக்கும் மிக நீண்டதற்கும் இடையே 37 நாள் வேறுபாடு இருந்தது. ஐந்து வாரத்துக்கு மேல்! தொடக்க நாளைப் பிழையின்றி அறிந்த பிறகும் முடிவு நாள் ஒன்றாக வரவில்லை. அரிசுட்டாட்டில் சொன்னதும் இதுதான்.

ஒலியால் அளந்தவர்கள்

தாயின் நினைவை நம்பாமல் பிள்ளையையே அளக்கும் வழி கிளாசுகோ நகரில் பிறந்தது. கப்பல் கட்டும் தொழிலும் கொதிகலன் தொழிலும் நிறைந்த ஊர் அது. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவிகள் அங்கே பயன்பாட்டில் இருந்தன. மகப்பேறு பேராசிரியர் இயான் டொனால்டு 1955இல், அறுவையில் நீக்கிய கட்டிகளை எடுத்துக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்கு ஓர் இறைச்சித் துண்டும் இருந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் சான் மாக்விகார் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1958இல் 'இலான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரை மகப்பேறு மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

1960களில் பிள்ளையின் தலையின் குறுக்களவை வைத்துக் கருவின் வயதைக் கணித்தார்கள். இதைச் செம்மை செய்தவர் சுடூவர்ட் கேம்பல். 1973இல் அதே கிளாசுகோவில் இயூ ராபின்சன், முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் தலையுச்சியிலிருந்து புட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வயது சொல்லும் முறையைத் தந்தார். அந்தக் கட்டத்தில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கும். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இப்படி நாள் குறித்த பிறகு, "நாள் கடந்துவிட்டது" என்று ஊசி போட்டு வலி வரவழைக்கப்படும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது.

மாதம் ஏற ஏறப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் வளர்கின்றன. கடைசி மூன்று மாதத்தில் முதன்முறை ஸ்கேன் எடுத்தால் பிழை மூன்று வாரம் வரை போகும். இதனால் பாதிக்கப்படுபவர்கள் தாமதமாக மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண்களே. போதிய ஊட்டம் இல்லாமல் மெலிந்த எட்டு மாதப் பிள்ளை, அளவை வைத்துப் பார்க்கையில் ஏழு மாதப் பிள்ளையாகத் தோன்றும். உடனடியாகக் கவனிக்க வேண்டிய வளர்ச்சிக் குறைவு, வயது குறைவு என்று எழுதப்பட்டு விடுபட்டுப் போகும். இத்தகைய நேரத்தில் ஆடிப்பெருக்கையும் தேரையும் வைத்துத் தாய் சொன்ன நாளே இயந்திரத்தைவிடப் பயன்படும். மருத்துவர் அதைக் கேட்டுக் குறித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று: இந்திய மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்கள் பயன்படுத்தும் வளர்ச்சி அட்டவணைகள் பெரும்பாலும் கிளாசுகோவிலும் டெக்சாசிலும் அளக்கப்பட்ட பிள்ளைகளைக் கொண்டு ஆனவை. இந்தக் குறையை நீக்க, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த தாய்மாரிடம் திரட்டிய அளவுகளை வைத்து, ஃபரீதாபாத்திலுள்ள டி.எச்.எசு.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இந்தியக் கருக்களுக்கான கணிப்பு வாய்பாடுகளை உருவாக்கின. 'கர்பினி' என்று பெயரிடப்பட்ட இவற்றில், இரண்டாம் மூன்றாம் பருவங்களுக்கானது 2024இல் வெளியானது. முதல் பருவத்தைத் தவறவிட்டு வரும் பெண்களுக்கே அது மிகவும் தேவைப்படுகிறது.

இதற்கிடையில் பேறு நாள் மருத்துவத்துக்கு வெளியேயும் வேலை செய்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின் தந்த 26 வார விடுப்பில் எட்டு வாரம் வரை எதிர்பார்க்கும் பேறு நாளுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வகுத்த 20 வார எல்லையும், 2021இல் குறிப்பிட்ட பிரிவினருக்கு நீட்டிய 24 வார எல்லையும் இதே கணக்கைச் சார்ந்தவை. எல்லையைத் தாண்டிவிட்ட ஒரு சிறுமியின் மனு உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது, நீதிபதி முதலில் மருத்துவக் குழுவிடம் கேட்பது கருவின் வயது எத்தனை வாரம் என்பதைத்தான். குழு தரும் அறிக்கையில் வாரமும் நாளும் எழுதியிருக்கும். அதன் பக்கத்திலேயே இத்தனை நாள் கூடலாம் குறையலாம் என்ற குறிப்பும் இருக்கும்.